உப்பு ஏறிய வேகம்

என் கணவர் பிறை என்ற ஊரில், ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். இரத்த அழுத்தம் என்று கிளினிக்கில் தண்ணி மாத்திரை கொடுத்தார்கள். சிறுநீரை அடிக்கடி போக வைக்கும் மாத்திரை. உப்பையும் குறைக்கச் சொன்னார்கள். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவரில்லை. ரசத்தில்கூட உப்பு வேண்டாம் என்றுவிட்டார். கிடங்கில் வெக்கை தாங்காது. பாட்டில் பாட்டிலாக வெறும் தண்ணீர் குடித்தார்.

தலைவலி வந்தது, பிறகு குமட்டல். ஒருநாள் காலையில் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்கங்க கிளம்பிட்டீங்க?"

"பஸ் வந்துருச்சு லா."

மோட்டார் சைக்கிளைத் தவிர வேறெதிலும் வேலைக்குப் போகாதவர் அவர். பக்கத்து வீட்டுக்காரர் காரை எடுத்தார். ஆயர் ஈத்தாம் சாலை நெரிசலில், என் மடியிலேயே அவருக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தர் என்னைத் தனியே அழைத்தார்.

"அக்கா, இரத்தத்துல உப்பு ரொம்பக் கொறஞ்சு போச்சு. அப்படி ஆனா தண்ணி செல்லுக்குள்ள போயிரும். மூளை வீங்கியிருக்கு."

"அப்ப உப்ப ஏத்துங்க டாக்டர்."

"வலிப்பு நிக்கிற அளவுக்கு ஏத்திட்டோம். இனி மெதுவாத்தான். சட்டுனு ஏறினா உள்ள இருக்கிற தண்ணி வெளிய ஓடி, மூளை சுருங்கிரும்."

ஊறுகாய்க்கு உப்புப் போட்ட பச்சை ஜாதிக்காய்ச் சதை நீர் விட்டுச் சுருங்குவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எனக்குப் புரிந்தது.

மாத்திரையை நிறுத்தியதும், அதுவரை தேக்கி வைத்திருந்த தண்ணீரை அவர் உடம்பே கொட்டத் தொடங்கியது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை நிறைந்துகொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்தார்கள். பிறகு உப்பில்லாத நீரை நரம்பில் ஏற்றினார்கள்.

"தண்ணி ஏறித்தானே மூளை வீங்குச்சுன்னீங்க?"

"தண்ணி வெளிய போகப் போக உப்பு நாங்க நெனச்சத விட வேகமா ஏறுதுக்கா. புடிச்சு நிறுத்தப் பாக்குறோம்."

மறுநாள் அவர் கண் விழித்தார். மோட்டார் சைக்கிளைப் பூட்டினாயா என்று கேட்டார். கோப்பி வேண்டும் என்றார். நான் மாதாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் செய்தேன். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்க்கா."

அந்த வாரம் முடிவதற்குள் பேச்சு குழறியது. கை கால் விறைத்தது. எச்சிலை விழுங்க முடியாமல் இருமினார். உப்பு வேகமாக ஏறியதில், மூளைத் தண்டில் நரம்புகளைச் சுற்றியிருந்த உறை அழிந்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். அவருக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் கொடுமை. நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்தது.

பல மாதப் பயிற்சிக்குப் பிறகு இப்போது சாய்ந்து உட்காருகிறார். கஞ்சியை மசித்து ஊட்டுகிறேன். கிடங்கில் அவர் வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. நேற்று துணி மாற்றும்போது அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"வலிக்குதாங்க?"

வாயைக் கோணிக்கொண்டு வெகுநேரம் முயன்றார். நான் காத்திருந்தேன்.

"இல்ல," என்றார்.