அர்ச்சனைப் பெட்டியின் பூட்டு

தொடுதிரைப் பெட்டிகளுக்குப் பூட்டுப் போடுகிறவனின் தொழில் என்பது, ஒருவரும் கைவைக்க முடியாது என்று தான் சத்தியம் பண்ணிக் கொடுத்த இடத்தில் கைபட்டிருப்பதைப் போய்ப் பார்த்துத் திகைத்து நிற்பதுதான். வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் இப்படியான பெட்டிகளுக்குப் பின்னால் குந்தியிருந்து வியர்க்கிற என் சக பாவிகளுக்கு இது தெரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெட்டிக்குள் இருப்பது சாதாரண கொம்பியூட்டர். வருகிறவர்கள் வேறெதையும் திறந்து விளையாடாமல், ஒரேயொரு பக்கத்தை மட்டும் பார்க்கும்படி ஒரு மென்பொருள் மறித்து வைத்திருக்கும். அதைத்தான் நாங்கள் பூட்டு என்கிறோம். திரையின் வலப்பக்க மேல் மூலையில் விரலால் விடாமல் தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும். சரியாகக் கொடுத்தால் பூட்டுத் திறக்கும். திரும்பத் திரும்பப் பிழையாகக் கொடுத்தால் திரை கறுத்து, எங்களைக் கூப்பிடச் சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றுவிடும்.

வலிகாமத்தில் ஓர் அம்மன் கோயிலுக்கு அப்படியொரு பெட்டி கொடுத்தோம். பேரையும் நட்சத்திரத்தையும் தட்டினால் அர்ச்சனைச் சிட்டை வெளியே வரும். நான் மெதடிஸ்தக் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளை, மிசன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கோயிலுக்குள் எது வழமை, எது புதினம் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தெரியாத்தனம் என்னை எவ்வளவு அலைக்கழித்தது என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

சேட்டில்லாத உத்தியோகம்

முதல் நாளே வாசலில் மறித்துச் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். ஆண்கள் மேற்சட்டையோடு உள்ளே போகக்கூடாதாம். கம்பெனிச் சின்னம் குத்திய சேட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வெறும் மேலோடும் வெறுங்காலோடும் லப்டொப்பைக் கட்டிப்பிடித்தபடி போனேன். பெட்டியை மாட்டிச் சில நாள் ஆனபிறகு, எல்லாம் ஒழுங்கா என்று பார்க்க மறுபடியும் போனபோது ஒரு காட்சி கண்டேன். சிட்டை எடுத்தவர்கள் எல்லோரும் பெட்டியின் இரும்பு உடம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். இவ்வளவு பக்தியா என்று எனக்குள் ஒரு பெருமை.

கழுவிவிட்ட ஈரத் தரையில் நின்று நானும் கையை வைத்தேன். சுரீரென்று முழங்கை வரைக்கும் ஏறியது. பாய்ந்து போய்ப் பிளக்கை இழுத்துப் பார்த்தால், யாரோ எர்த் வயர் இல்லாத நீட்டு வயரில் பெட்டியைச் செருகியிருக்கிறார்கள். ஆருக்காவது ஏதும் நடந்திருந்தால்? ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று வரிசையில் முதலாவதாக நின்ற பெரியவரைக் கேட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "எங்களுக்கும் அடிக்கிறதுதான் தம்பி. அம்பாளுக்கு முன்னாலை நிண்டுகொண்டு அடிக்குதெண்டு முறைப்பாடு சொல்லலாமோ?"

ஒரு நிமிடப் பிள்ளைகள்

பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. அதில் பரமேஸ்வரி அக்கா இருப்பார். பெட்டி வருவதற்கு முன் பல வருடங்களாகச் சிட்டை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வருவார். அவருடைய வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கோயில் சம்பளத்தில். பெட்டி வந்தபிறகு, தட்டத் தெரியாதவர்களுக்குத் தட்டிக் கொடுப்பதுதான் அவருடைய வேலை என்று ஆகிவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே ஒரு மாதிரி இருக்கும். அவரோ என்னைக் கண்டதும் கோயில் கதலி வாழைப்பழம் ஒன்று எடுத்துத் தருவார்.

அவர்தான் முதலாவது முறைப்பாட்டையும் சொன்னார். தட்டிக்கொண்டிருக்கும்போதே எழுதியதெல்லாம் அழிந்து போகிறதாம். அது பழுதில்லை, பாதுகாப்பு. ஒரு நிமிடம் திரையில் கை படாவிட்டால் பூட்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதற்பக்கத்துக்குப் போய்விடும். இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்ற ஓர் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அவருக்குக் கனடாவிலும் லண்டனிலும் பாரிசிலும் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். ஒவ்வொரு பேருக்கும் நட்சத்திரம் யோசித்து, சந்தேகம் வந்தால் கண்ணை மூடிப் பிறந்த நாளை நினைத்துப் பார்த்து, கண்ணைத் திறந்தால் திரை வெறுமையாக இருக்குமாம். "என்ரை பிள்ளையளை நினைக்க ஒரு நிமிசம் போதுமெண்டு ஆர் தம்பி உனக்குச் சொன்னது?"

தீபாராதனை நேரத்துப் பாட்டு

ஒரு நாள் காலை கோயில் மனேச்சர் ஐயா என்னைப் போனில் கூப்பிட்டார். அவருடைய குரலுக்குப் பின்னால் மணிச் சத்தம். மணிச் சத்தத்துக்கும் பின்னால், அதையும் அமுக்கிக்கொண்டு, ஒரு சினிமா ஆட்டப் பாட்டு. எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. கொம்பியூட்டர் தானாகப் புதுப்பித்துக்கொண்டு திரும்ப எழும்பியபோது பூட்டு எழும்பவில்லை. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், திறந்து கிடந்த திரையில் எதையோ தட்ட, பாட்டுத் தொடங்கிவிட்டது. நிறுத்தத் தெரியாமல் ஆள் மெல்ல நழுவிவிட்டார். பரமேஸ்வரி அக்கா ஓடிவந்து சேலைத் தலைப்பால் பெட்டியின் ஒலிபெருக்கியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

நான் போய்ச் சேர்ந்து, இது புதுப்பித்தலால் வந்த வினை என்று எவ்வளவோ சொன்னேன். மனேச்சர் ஐயா காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாஸ்வேர்ட் தெரிந்தது தனக்கும் பரமேஸ்வரிக்கும் மட்டும் என்றார். பெட்டியால் வேலை போய்விடும் என்ற பயத்தில் அந்த மனுசிதான் குழப்புகிறாள் என்றார். ஒலிபெருக்கியைப் பொத்தியவரைத்தான் பாட்டுப் போட்டவர் என்கிறாரா என்று நான் அதிர்ந்து போனேன். அவர் இன்னும் கோபம் தணியாமல் சொன்னது இது: "அம்பாளுக்குத் தீபம் காட்டேக்கை உம்மடை பெட்டி பாடுது. பெட்டி தானாப் பாடாது தம்பி, ஆரோ பாட வைக்கினம்."

வெள்ளிக்கிழமைச் சந்தேகம்

அதற்குப் பிறகுதான் உண்மையான தலையிடி தொடங்கியது. வெள்ளிக்கிழமை வந்தால் பெட்டி கறுத்துப்போகும். சனம் நிறைந்த நேரம் பார்த்து நின்றுவிடும். நான் மற்ற வேலைகளை முடித்துக்கொண்டு போய்ச் சேரும்போது மத்தியானப் பூசை முடிந்து நடை சாத்தியிருப்பார்கள். திறந்து பார்த்தால் பூட்டில் ஒரு குறையும் இல்லை. யாரோ மூலையில் தட்டி, பிழையான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் பாஸ்வேர்டை மாற்றி மனேச்சர் ஐயாவுக்கு மட்டும் சொன்னேன். அடுத்த வெள்ளியும் அதே கதை. புதிய பாஸ்வேர்ட் தெரியாததால்தான் அவள் பழையதைக் கொடுத்துப் பார்க்கிறாள் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். நல்லது செய்யப் போய் அந்த மனுசிக்கு எதிராக நானே சாட்சி தயாரித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

கொடியேற்றம் நெருங்கியது. இன்னொரு வெள்ளி இப்படி நடந்தால் பரமேஸ்வரியை வேலையிலிருந்து நிற்பாட்டுவதாக மனேச்சர் ஐயா சொல்லிவிட்டார். அக்காவுக்கும் அது தெரியும். அன்றைக்கும் எனக்கு வாழைப்பழம் தந்தார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பழத்தைத் தின்னாமல் பைக்குள் வைத்துக்கொண்டேன். கந்தோருக்கு வந்து, என்னோடு வேலை செய்கிற நிமலன் அண்ணையிடம் முறையிட்டேன். அவர் இந்தத் தொழிலில் எனக்கு மூத்தவர். மென்பொருளை ஒரு வரி விடாமல் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மூலையிலை விரல் படாமல் உது பாஸ்வேர்ட் கேக்காது. பூட்டைக் கிண்டினது போதும், நீ போய் விரலைப் பார்."

விரலைக் கண்டேன்

அடுத்த வெள்ளி விடியவே போய் மண்டபத்துத் தூண் ஒன்றின் பக்கத்தில் நின்றேன். சனம் வரத் தொடங்கவில்லை. பரமேஸ்வரி அக்கா வந்தார். கையில் ஒரு பூமாலை. வீட்டு முற்றத்துச் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் கலந்து கட்டியது. அதைப் பெட்டியின் தலையில் போட்டு, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டார். சனம் கூடியதும் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள். மாலையின் வலப்பக்க நுனியில் இருந்த செவ்வரத்தம்பூ, திரையின் மேல் மூலையில் ஆடி ஆடித் தட்டியது.

அந்தத் திரையின் சட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடுகள் ஓடுகின்றன. அவற்றை மறிக்கிற எதுவும் பெட்டிக்கு விரல்தான். பூவும் விரல்தான். பாஸ்வேர்ட் கேட்கும் கட்டம் திரையில் வந்தது. முன்னால் நின்றவர் அதைப் பார்த்து ஒரு குழப்பமும் இல்லாமல் தன் நட்சத்திரத்தைத் தட்டினார். அது சரிவராததால் மனைவியின் நட்சத்திரத்தைத் தட்டினார். பிறகு மகளுடையது. திரை கறுத்தது. மத்தியானம் நடை சாத்துவதற்கு முன் அக்கா மாலையைக் கழற்றிவிடுவாராம், அதனால்தான் நான் ஒருநாளும் அதைக் காணவில்லை. கோயிலில் மாலையை ஒரு புதினமாக எடுத்து எனக்குச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவும் இல்லை.

அக்காவிடம் மெல்லச் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டுப் பிரச்சினைக்குப் பிறகு, பெட்டி பழுதானால் தன் தலையில்தான் விழும் என்று பயந்து, அது பழுதாகக்கூடாது என்றுதான் வெள்ளிதோறும் மாலை போட்டாராம். வேலை போகாமல் இருக்கக் கும்பிட்ட கும்பிடே அவருடைய வேலைக்கு உலை வைத்திருக்கிறது. நான் மின்விசிறியில் பழியைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்க, மனேச்சர் ஐயா வந்துவிட்டார். மாலை போட்டது தான்தான் என்று அக்காவே எழும்பிச் சொன்னார். ஐயா மாலையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். மூலஸ்தானத்தைப் பார்த்தார். மாலையைக் கழற்றினால் எல்லாம் சரி என்று நான் சொன்னதுதான் தாமதம், என் பக்கம் திரும்பினார். "கும்பிட்டுப் போட்ட மாலையைக் கழட்டச் சொல்ல நான் ஆர், நீர் ஆர்? உம்மடை மூலையைத் தூக்கி வேறை இடத்திலை வையும்."

கொடியேற்ற நாள்

மூலையைத் தூக்கிக் கீழே இடப்பக்கம் வைத்தேன். அங்கே எந்தப் பூவும் எட்டாது. ஆனால் அக்காவின் வேலையைப் பற்றி மனேச்சர் ஐயா அன்று ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. கொடியேற்றமும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே வந்தது. காலை முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மணி அடித்தது. கோயில் இலக்கம். உடனே எடுத்தேன்.

பேசியவர் பரமேஸ்வரி அக்கா. பின்னால் மேளச் சத்தம். பெட்டி மறுபடியும் கறுத்துவிட்டதாம். இன்றைக்கு இந்த மனுசியை நிற்பாட்டிவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவருடைய குரலில் நான் முன்பு கேட்டிராத ஒரு சந்தோசம் இருந்தது. "பயப்பிடாதையுங்கோ தம்பி, இண்டைக்கு மாலை மனேச்சர் ஐயா சொல்லிக் கட்டுவிச்சது, நிலம் முட்டத் தொங்குது. உங்களை அவசரப்படாமல் ஆறுதலா வரச் சொன்னவர். சிட்டை நான் கையாலை எழுதுறன், ஐயா பக்கத்திலை நிண்டு கிழிச்சுக் குடுக்கிறார்."

மனிதக் கையைத் தடுக்கத் தொழில் பழகியவன் நான், இப்போது ஒரு தொடுதிரையில் பூ எட்டாத இடம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.