கொம்பேறி மூக்கனுக்குப் போட்ட புகை

இன்று காலை எங்கள் ஜங்லிகாட் வீட்டு முருங்கையில் ஒரு பாம்பைப் பார்த்தேன். விரல் பருமன், செம்பு நிற முதுகு. கிளையிலிருந்து தலையை நீட்டி வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கொம்பேறி மூக்கன்தான். மாயாபந்தரில் சிறுவயதில் நான் பார்த்த அதே பார்வை.

அன்று அவரைப் பந்தலில் காய் பறித்த அப்பாவின் கையைக் கடித்துவிட்டு, அது விறுவிறுவென்று பலாமரத்தில் ஏறிக்கொண்டது. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் எட்டிப் பார்த்து, "ஜஹர் நஹீ ஹை" என்றார். விஷமில்லையாம், தவளையும் பல்லியும் தின்கிற பாம்பாம். அப்பா சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு டீ குடிக்க உட்கார்ந்தார்.

அம்மா ஒப்பவில்லை. கடிபட்டவரின் உடல் எரிகிற புகையைக் காணாமல் கொம்பேறி மூக்கன் மரத்தைவிட்டு இறங்காது என்பது, ராமநாதபுரத்திலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலேறியபோது அவள் கூடவே கொண்டுவந்த நம்பிக்கை. அப்பாவின் பழைய சட்டையைத் தேங்காய் மட்டைமேல் போட்டுக் கொளுத்தினாள். மழையில் நனைந்த மட்டை எரியாமல் புகைந்தது. அந்தக் கருகல் வாசனையில் நான் அப்பாவை இறுகக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"உசுரோட இருக்கிற மனுசனை எரிக்கிறியே," என்றார் அப்பா, டீயை ஊதியபடி.

"மெதுவாப் பேசுங்க. அதுக்குக் கேட்டிரும்."

சற்று நேரத்தில் பாம்பு இறங்கிப் போய்விட்டது. அம்மா முகத்தில் அப்படியொரு நிம்மதி.

இன்றும் அடுப்படியிலிருந்து அவள் குரல்தான் முதலில் வந்தது. "யாரையும் கடிக்கலியே?"

வாசல் நாற்காலியில் இருந்த அப்பா நிமிர்ந்து மரத்தைப் பார்த்தார்.

"என்னைத் தேடித்தான் வந்திருக்கு. நான் அன்னைக்கே போயிட்டேன்னு சொல்லி அனுப்பு."