பதின்மூன்றாவது தகடு

நான் யாரையும் சட்டென்று நம்புகிறவள் இல்லை. அந்த விஷயத்தில் என் மாமியார் எனக்கும் ஒரு படி மேல்.

கல்யாணமான மறு வருஷம், ஜேடர்பாளையத்தில் வைக்கோல் வண்டி மேலிருந்து விழுந்து எனக்கு முதுகு போய்விட்டது. சேலத்து ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தேன். துணைக்கு என் அம்மா. கிளம்பும்போது வெள்ளைக்கார டாக்டரம்மா ஒரு இடுப்புச் சட்டை கொடுத்தார். கார்செட் என்றார். இரண்டு மடிப்புக் கெட்டித் துணி; நடுவே சந்து சந்தாகத் தைத்து, ஒவ்வொரு சந்திலும் ஒரு எஃகுப் பட்டை. மொத்தம் பன்னிரண்டு. முன்னால் கொக்கி, பின்னால் இழுத்துக் கட்ட நாடா. பாவு நூல், அதாவது துணியின் நீளவாட்டு நூல், இடுப்பைச் சுற்றி ஓடும்படி துணியை வெட்டியிருப்பதால் தளராதாம். பட்டை முனைகளை மழுக்காவிட்டால் துணியைக் குத்திக்கொண்டு வந்துவிடுமாம். படுக்கும்போது தவிர ஆறு மாதம் கழற்றக் கூடாது என்றார்.

தைக்குள் நான் நிமிராவிட்டால் என் வீட்டுக்காரருக்கு வேறு பெண் பார்ப்பார்கள் என்று ஊரில் பேச்சு. மாமியார் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

நான் வீட்டுக்கு வந்த அன்றே சட்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஏ அம்மிணி, இதுக்குள்ள தகடு இருக்குது."

"இரும்புப் பட்டைங்க அத்தை. முதுகைத் தாங்கறதுக்கு."

"ஆரு வெச்சுத் தெச்சது? டாக்டரம்மாளா, உங்கம்மாளா? ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததிலிருந்து எம்பையன் என்ற பேச்சையே கேக்கறதில்ல."

செய்வினையாம்! என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடவே வராது. ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் நான் கண்ணசந்த நேரத்தில் தையலைப் பிரித்துவிட்டார். பன்னிரண்டு பட்டையையும் முறத்தில் பரப்பி, சாம்பல் போட்டுத் தேய்த்து, மந்திர எழுத்து தெரிகிறதா என்று தேடினார். ஒன்றும் இல்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். நிற்க முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னையே பார்த்தார். நூல் வாங்கி வருகிறேன் என்று ஆற்றைத் தாண்டிப் போனார். நூலுக்கு ஆற்றைத் தாண்டுவானேன்? மறுநாள் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. ஆனால் முதுகெலும்பை ஒட்டிய சந்து மட்டும் தடிப்பாக இருந்தது.

சந்தேகத்தோடுதான் கட்டிக்கொண்டேன். வேறு வழி?

தையில் தண்ணீர்க் குடம் தூக்கினேன். டாக்டரம்மா சொன்ன ஆறு மாதம் முடிந்த அன்று சட்டையைக் கழற்றி, முதல் வேலையாக அந்தச் சந்தைப் பிரித்தேன். எஃகுப் பட்டைக்குப் பின்னால் ஒரு செப்புத் தகடு. கட்டம் கட்டமாகக் கீறி, நடுவில் என் பெயர். பாம்பின் கால் பாம்பறியும் என்று சும்மாவா சொன்னார்கள்! கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தவர் முன்னால் போய் நின்றேன்.

"ஏனுங்க அத்தை, என்னைய வெரட்டறதுக்குத்தானுங்களே இது?"

அவர் தலை நிமிரவே இல்லை.

"நீ எந்திரிச்சு நடக்கோணும்னு ஆத்துக்கு அக்கரையில மந்திரிச்சு வாங்கியாந்தேன். வெறும் இரும்பை நம்ப முடியுமா?"

நான் விடவில்லை. என் அம்மாவைச் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். நான் பேசி முடித்ததும் அத்தை என்னைக் கால்முதல் தலைவரை பார்த்தார்.

"இப்ப சட்டையில்லாம நின்னுக்கிட்டுத்தான சாமி சண்டை போடறே?"