கடல் வற்றும் நேரம்

கடலே இல்லாத பேரையூரில் உட்கார்ந்துகொண்டு நான்கு படகுச் சவாரி இணையதளங்களை நடத்துகிறேன். படகில் ஏறியதே இல்லை. ஒரு கழிமுகச் சவாரிக்கு, ‘காலை முதல் மாலை வரை எப்போதும் வரலாம்’ என்று விளம்பரம் செய்தேன். எங்கள் ஊர்க் கண்மாய்த் தண்ணீர் மதியத்தில் எங்கும் போய்விடுவதில்லையே என்ற நினைப்புதான்.

அங்கிருந்து படகோட்டி ஒருவர் அழைத்தார். “அண்ணே, நீங்க அனுப்புன குடும்பம் சேத்துக்கு நடுவுல படகுல உக்காந்திருக்கு. கடல் வத்துற நேரம் இங்க தண்ணி நிக்காதுண்ணே.”

கூசிப்போனேன். “தண்ணி எப்ப வரும்னு தினமும் சொல்லுங்க, அப்படியே சைட்டுல போட்டுர்றேன்” என்றேன்.

அவர் சொல்லும் நேரத்தைப் பார்க்கவே ஆட்கள் குவிந்தார்கள். இன்று தேடினால் எங்கள் தளம்தான் முதலில் வருகிறது.

போன வாரம் அவர் என்னையும் சவாரிக்குக் கூப்பிட்டார். “எப்ப வரட்டும்?” என்று கேட்டேன்.

“ஒங்க சைட்டப் பாத்துட்டு வாங்கண்ணே.”

என் தளத்தை நானே முதன்முறையாக நம்பித் திறந்தேன்.