விரிசல் பார்த்த மாப்பிள்ளை

பிள்ளையார்பாளையத்துப் பட்டு வியாபாரி வீட்டுக்குப் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையோடு நானும் போயிருந்தேன். ஒல்லியான மனிதர். மிகக் குறுகிய லேசர் துடிப்புகளால் கண்ணாடியில் துளையிடுவது அவர் வேலை. எந்தக் கண்ணாடியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பெண் தண்ணீர் கொடுத்த கண்ணாடி டம்ளரையும் அப்படியே தூக்கிப் பார்த்தார்.

பெண்ணின் அப்பா முகம் சுருங்கியது. "இன்னா தம்பி, அழுக்கா இருக்குதா?"

"இல்லீங்க, விரிசல். சூடா காபி ஊத்தினா உடைஞ்சிடும்."

"நீங்க ஓட்டை போட்டா மட்டும் உடையாதா?"

"உடையாதுங்க. சூடு பரவுறதுக்குள்ள துடிப்பு முடிஞ்சிடும்."

"ஓட்டை போட்ட கண்ணாடியில நாங்க இன்னாத்த குடிக்கிறது?" என்று அவர் எழுந்துவிட்டார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

பெண் எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்தாள். "இதுல உள்ள பார்க்க முடியாது. குடிங்க."

மாப்பிள்ளை குடித்துவிட்டு, முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார்.

கல்யாணம் நடந்தது. எதைப் பார்த்து அவள் சம்மதித்தாள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.