வைசன் கச்சிங்வேயின் நெஞ்சு

வாயில் நாலைந்து குண்டூசிகளைக் கடித்துக்கொண்டுதான் வைசன் கச்சிங்வே பேசுவார். சந்தையில் மளிகைக் கடைத் தாழ்வாரத்தில் அவர் தையல் மிஷின், பக்கத்தில் என் பழைய துணிக் கடை. ஊசிகளுக்கு நடுவே வரும் வார்த்தைகள் எனக்குப் பழகிவிட்டன. புதிதாக வருகிறவர்கள்தான் திகைப்பார்கள். கால்சட்டைக்குப் பையை எப்போதும் கேட்டதைவிட ஆழமாக வைத்துவிடுவார். கேட்டால், "காசுக்கு இல்லீங்க, கைக்கு. கைக்கும் ஒரு வீடு வேணாமா?" என்பார்.

கால் நீளம் அளக்க மட்டும் குனியமாட்டார். நாடாவின் மறுமுனையை வாடிக்கையாளரே குனிந்து கணுக்காலில் பிடிக்கவேண்டும். எங்கள் ஊர்த் தலைவியின் ஆலோசகர்களில் அவரும் ஒருவர் என்பதால், பதவியின் மிடுக்கு என்று நினைத்தோம்.

சனிக்கிழமைகளில் தலைவி வழக்கு கேட்பார். ஆலோசகர்கள் பக்கத்தில் உட்காருவார்கள். ஒருநாள் ஆடு திருடியதாகப் பிடிபட்டவன் மண்டியிட்டு மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போதே வைசனின் முகம் வெளுத்தது. சட்டை நனைந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் அந்த ஆடு அவன் மாமியார் வீட்டில் அகப்பட்டது. அவ்வளவுதான். பொய்யைக் கண்டால் வைசனின் நெஞ்சு துடிக்கும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அதன்பின் சாட்சி சொல்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. எல்லாரும் வைசனையே பார்த்தார்கள்.

"எனக்கு உடம்புக்கு முடியலைங்க, வேற ஒண்ணுமில்ல" என்று அவர் சொன்னால், அடக்கமான மனுஷன் என்றார்கள். ஊர் மருந்தகத்தில் உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். சரியாக இருந்தது. கடைசியில் அவருக்கே பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

போன மழைக்காலத்துக்கு முன்பு, நிலக்கடலை விற்கும் ஃபைனெஸ் மீது வழக்கு வந்தது. அடுத்த வயல்காரர் நிலத்தில் எல்லையைத் தள்ளி வைத்துவிட்டாள் என்று புகார். அவள் தலைவிக்கு முன் மரியாதையாக மண்டியிட்டு மெல்லிய குரலில் பேசினாள். வைசன் காது கொடுக்க முன்னால் குனிந்தார். முகம் வெளுத்தது. கூட்டம் முணுமுணுத்தது.

ஃபைனெஸ் எழுந்து நின்றாள். "என்னைப் பாத்து எதுக்குய்யா உங்களுக்கு வேர்க்குது? அது எங்கப்பா வயலு. அந்த மண்ணுதான் என் பிள்ளைங்களுக்குச் சோறு."

வைசன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு தலைவியிடம், "இந்த வழக்கைத் தள்ளி வைங்கம்மா. முதல்ல என் நெஞ்சை விசாரிக்கணும்" என்றார்.

"விசாரிக்கிறப்போ நானும் இருக்கணும்" என்றாள் ஃபைனெஸ். "என்ன சொல்றாங்கன்னு என் காதால கேக்கணும்."

மாவட்ட மருத்துவமனைக்கு மினிபஸ்ஸில் போனோம். வைசனுக்கும் ஃபைனெஸுக்கும் நடுவில் வைசனின் மனைவி எலுபே உட்கார்ந்துகொண்டாள். துணைக்குப் போன நான் பின் சீட்டில் இருந்தேன்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எப்பெல்லாம் வருது?" என்றார்.

"கேஸ் நடக்கிறப்போ" என்றார் வைசன்.

"கால் நீளம் அளக்கக் குனிஞ்சாலும் வரும். அதான் இப்பல்லாம் குனியறதே இல்ல" என்றாள் எலுபே.

மருத்துவர் வைசனின் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றி, "இப்போ குனியுங்க" என்றார். வைசன் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் எண்கள் ஏறின. இன்னும் ஏறின. நர்ஸ் ஓடிவந்து அவரைப் படுக்க வைத்தாள்.

பிளான்டயர் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றை ஸ்கேன் எடுத்து வந்தபின் மருத்துவர் விளக்கினார். "சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு. உங்களுக்கு அதுல ஒரு கட்டி. குனிஞ்சா அது அமுங்கி அட்ரினலினைக் கொட்டுது. பயந்தா, ஓடினா நம்ம எல்லாருக்கும் சுரக்கிற ஹார்மோன்தான். அதைப் பிடிச்சுக்கிற ஏற்பிகள் இதயத்துல இருக்கு. பிடிச்ச உடனே இதயம் வேகமா, பலமா அடிக்கும். ரத்தக்குழாய்லயும் ஏற்பிகள் இருக்கு. அங்கே பிடிச்சா குழாய் இறுகும், பிரஷர் ஏறும். உங்க இதயத்து மேல குத்தமே இல்லீங்க. வந்த சேதியை அது நம்புது, அவ்வளவுதான்."

ஃபைனெஸ் முன்னால் வந்தாள். "அப்போ அது என்னைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?"

"அதுக்கு உங்களைத் தெரியவே தெரியாதும்மா."

ஃபைனெஸ் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குப் பிடிபடவில்லை. வைசன் கண்ணை மூடிக்கொண்டு, நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

முதலில் சில வாரம் மாத்திரைகள். ரத்தக்குழாயில் இருக்கும் ஏற்பிகளை அவை மூடிக்கொள்ளும். அட்ரினலின் வந்தாலும் ஒட்ட இடம் இருக்காது. அழுத்தம் அடங்கியபின் இதயத்துக்கும் மாத்திரை கொடுத்தார்கள். அதன்பிறகுதான் அறுவை. கட்டி போயிற்று. வீடு திரும்பிய அன்று எலுபே மக்காச்சோளக் களியான ந்சிமாவும் சாம்போ மீனும் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "இத்தனை வருஷம் பாவம்னு விட்டு வச்சேன். இனிமே தாராளமா சண்டை போடலாம்" என்றாள். அன்றைக்கே ஆரம்பித்தும்விட்டாள்.

ஃபைனெஸின் வழக்கைத் தலைவி வயலிலேயே கேட்டார். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் எல்லையை நடந்து காட்டினார்கள். பழைய எல்லை மரத்தின் வேர் அவள் சொன்ன இடத்திலேயே மண்ணுக்குள் இருந்தது. வயல் அவளுக்கே. வைசன் அதோடு விடவில்லை. மண்டியிட்டு மெல்லப் பேசி, அவரைக் குனியவைத்த குற்றத்துக்காகவே தோற்றவர்களை ஒவ்வொருவராக ஞாபகப்படுத்தி, மறுபடி கேட்கச் சொல்லித் தலைவியை நச்சரித்தார். இரண்டு தீர்ப்புகள் மாறின.

போன சனிக்கிழமை ஒருவன் கூட்டத்தில் நின்று, அடுத்தவன் மிதிவண்டி தானாகவே உருண்டு தன் வீட்டுக்குள் வந்துவிட்டதாகச் சத்தியம் செய்தான். பழக்கதோஷம், எல்லாத் தலைகளும் வைசன் பக்கம் திரும்பின. அவர் வாயை அகலத் திறந்து, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டார்.