எட்டுச் செலவுக்கு ஒரு ரின் சில்லி

தகர ரின்னில் அடைத்து விற்கிற சில்லியைப் பற்றி என்னளவுக்குத் தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இல்லை. தெரிந்துகொள்ளும் தேவை அவர்களுக்கு வரவுமில்லை. நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில் சில்லி என்றால் அரைத்த மாட்டிறைச்சியையும் கிட்னி பீன்ஸையும் தக்காளிக் குழம்பில் வேகவிட்டது. மிளகாய் பெயரில் இருக்கும், வாயில் இருக்காது. என் அண்ணை தன் கடைசி இரண்டு வருடமும் பெரும்பாலும் அதைத்தான் சாப்பிட்டார். அவர் செத்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டும் என்று அக்கா வீட்டில் சட்டி சட்டியாகச் சமைத்தார்கள். நான் ஒரு ரின்னைக் கொண்டுபோனேன். அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆற்றிக்கொள்ள நான் முயன்றதும் இல்லை.

பல்லிலிருந்துதான் தொடங்க வேண்டும். அண்ணைக்குச் சர்க்கரை வியாதி. பல் முரசு பழுதாகி மேல்வரிசைப் பற்கள் முழுவதையும் பிடுங்கிவிட்டார்கள். கீழே முன்னால் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கட்டுப்பல் செய்து கொடுத்தார்கள். அது உரசிப் புண்ணாக்குகிறது என்று கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டார். திரும்பப் போய்ச் சரிசெய்து வாருங்கள் என்று நான் சொன்ன ஒவ்வொரு முறையும் "ஓம், போறன்" என்றார். போகவேயில்லை. அந்தக் கோபமும் எனக்கு உண்டு. செத்துப்போனார் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது.

லூயிஷாமில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் தனியாக இருந்தார். சமைக்கிற குசினி எல்லோருக்கும் பொது. சனிக்கிழமைகளில் நான் இருக்கிற இல்ஃபோர்டிலிருந்து குழைந்த சோறும் பருப்பும் முள்ளெடுத்த மீன் குழம்பும் கொண்டுபோவேன். பொதுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அடுத்த நாளே பாதியைக் காணாது. யார் எடுத்தது என்று கேட்டுச் சண்டை பிடித்தும் பார்த்தேன். எல்லோரும் கையை விரித்தார்கள். ஆகவே கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைக்கக்கூடியது, மைக்ரோவேவில் சூடாக்கக்கூடியது, கடிக்கத் தேவையில்லாதது என்று தேடினேன். அப்படித்தான் சில்லி அகப்பட்டது.

நல்ல ரின் எது என்று கண்டுபிடிக்க ஒரு முழு மாரிகாலம் எடுத்தது. படத்தை நம்பக்கூடாது. படத்தில் தெரிகிற இறைச்சி படத்தோடு நின்றுவிடும். லேபிளில் மூன்று மிளகாய்ப் படம் கீறியிருந்தாலும் நம்பக்கூடாது. கைக்குழந்தைக்குக்கூட அது உறைக்காது. ரின்னைத் திருப்பி, உள்ளே போட்டவற்றில் எதை முதலில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தண்ணீர் முதலில் இருந்தால் வைத்துவிட்டு நடக்க வேண்டியதுதான். சீனி மேலே இருந்தாலும் வேண்டாம், அதுவும் சர்க்கரை வியாதிக்காரனுக்கு. காதோரம் வைத்துக் குலுக்கும்போது சளசளவென்று கேட்கக்கூடாது. கிண்ணத்தில் கவிழ்க்கும்போது ரின்னின் உருவத்திலேயே அசையாமல் நின்றால் அது மாவைப் போட்டு இறுக்கியது. ஒன்று ஜாம் மாதிரி இனித்தது. இன்னொன்றில் இறைச்சியைத் தேடக் கண்ணாடி போட வேண்டியிருந்தது. இதை ஒரு மனிதன் சாப்பிடப்போகிறான் என்ற நினைப்பே இல்லாமல் எப்படி அடைக்கிறார்கள் என்று ஒருநாள் சுப்பர்மாக்கெட்டின் நடுவில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டியது தமிழில்தான். ஆனாலும் பக்கத்தில் நின்ற பெண் தன் கையிலிருந்த ரின்னைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று மாட்டிறைச்சி போட்டது. மற்றது இறைச்சியே இல்லாமல் பீன்ஸ் மட்டும் போட்டது. அதில் பீன்ஸ் முழுதாக இருக்கும், நாக்கால் அமத்தினாலே மசியும். அண்ணை இரண்டையும் மாறி மாறிச் சாப்பிட்டார்.

நல்ல ரின்னானாலும் அதை அப்படியே ஒருவருக்குக் கொடுப்பது பாவம். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, எண்ணெயில் சிவக்க வதக்கி, எங்கள் கறித்தூளைப் போட்டுப் பச்சை வாடை போகும்வரை கிண்டி, ஒரு போத்தலில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு ரின்னுக்கு ஒரு கரண்டி. சூடாக்கி இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிந்து புளி விட வேண்டும். சோற்றோடு அவருக்கு அது சரிவரவில்லை. அவித்த உருளைக்கிழங்கை மசித்து, நடுவில் குழி செய்து ஊற்றிக் கொடுத்தால் வழித்துச் சாப்பிடுவார். பேக்கரிப் பாண்துண்டின் கரையை வெட்டிப்போட்டு, நடுப்பகுதியை அதில் ஊறவிட்டாலும் இறங்கும். புட்டை ஊறவிடுவதென்றால் சாப்பிடுவதற்குக் கனநேரம் முன்னரே ஊற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் முரசில் குத்தும். இரண்டு கரண்டி தேங்காய்ப்பால் விட்டால் சொதி மாதிரி இளகும் என்பதைக் கண்டுபிடித்தவர் அவரேதான். அன்றைக்கு எனக்குப் போன் எடுத்து, "இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டன்" என்றார். அதைச் சொல்வதற்காக மட்டும் எடுத்திருந்தார்.

சாப்பிடும்போது இடக்கையால் வாயை மறைத்துக்கொள்வார், என் முன்னாலும்தான். "அவளுக்குச் சொல்லிப்போடாதை," என்பார். அவள் என்றது அக்காவை. "நான் பல்லில்லாமல் கிடக்கிறன் எண்டு தெரிஞ்சால் புருசனும் பெண்சாதியுமாச் சிரிப்பினம்."

அக்காவின் மகளுடைய கலியாணத்தில் குடித்துவிட்டு, சபையில் வைத்து அத்தானைக் கண்டபாட்டுக்கு ஏசியவர் அண்ணைதான். அது பிழைதான். அதற்குப் பிறகு அக்கா வீட்டில் அவருடைய பேச்சே எடுக்கக்கூடாது. எங்கள் இரண்டு பேரையும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள். பல்லைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, அண்ணை சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் அக்காவிடம் ஒருமுறை போனில் சொன்னேன்:

"அண்ணை ஒழுங்காச் சாப்பிடுறாரில்லை, அக்கா. ஒருக்காப் போய்ப் பாருங்கோ."

"இஞ்சை பிறீசர் நிறையச் சாப்பாடு கிடக்கு. வந்து எடுக்கச் சொல்லு," என்றார் அக்கா. "வரேக்கை அத்தானிட்டை ஒரு வார்த்தை மன்னிப்பும் கேக்கச் சொல்லு."

நான் போனை வைத்துவிட்டேன். அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் போயிருக்கப் போவதில்லை.

மார்பு வலி என்று அம்புலன்ஸில் கொண்டுபோனவர் திரும்பி வரவில்லை. செத்தவீடு கிங்ஸ்பரியில் அக்கா வீட்டில்தான் வைத்தார்கள், அங்கேதான் இடம் இருந்தது. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சனம் சாப்பாட்டைச் சுமந்துகொண்டு வந்தது. இடியப்பம், புட்டு, சோற்றுப் பொதி, அலுமினியத் தட்டுகளில் மரக்கறி வகை. வாசல் நடையில் சப்பாத்துக் கழற்ற இடமில்லாமல் அடுக்கியிருந்தது. ஹரோவிலிருந்து வந்தார்கள், குரோய்டனிலிருந்து வந்தார்கள். மூன்று நாளில் வந்த சாப்பாட்டில் பாதியைக் குப்பையில் கொட்டினோம். கறுத்தப் பையின் வாயைக் கட்டிக்கொண்டு நான் நின்றபோது எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் பொசுங்கும். உயிரோடு இருந்த மனிதனுக்கு ஒரு பொதி சோறு கொண்டுபோக லூயிஷாமுக்கு வழி தெரியாதவர்கள் எல்லாம், செத்த பிறகு எப்படி இத்தனை கெட்டிக்காரத்தனமாக வழி கண்டுபிடித்தார்கள்?

எட்டாம் நாள் வந்தது. எங்களில் எட்டுச் செலவு என்றால் அன்றைக்குச் செத்தவருக்கு ஆசையானது எதுவோ அதைப் படைப்பார்கள். மீன், இறைச்சி என்று மச்சமும், சாராயமும்கூட விலக்கில்லை. படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டுப் பரிமாறி, விளக்கைக் கொளுத்தி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். அவர் வந்து ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று.

அக்கா விடியவே எழும்பி நண்டுக் கறி வைத்திருந்தார். பெரிய நண்டுகள், காலும் கொடுக்குமாகச் சட்டி நிறைந்து கிடந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், பொரித்த மீன், அவித்த முட்டை, வடை, ஒரு போத்தல் விஸ்கி. எல்லாமே பல்லுக்கு வேலை வைக்கிற சாமான். நான் குசினிக்குள் போய், கைப்பையிலிருந்து ரின்னை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா வீட்டில் மாடு ஏறாது என்று தெரிந்து, பீன்ஸ் மட்டும் போட்டதையே கொண்டுபோயிருந்தேன்.

"உதென்ன?" என்றார் அக்கா.

"அண்ணைக்கு."

"இறைச்சியோ?"

"இல்லை. பீன்ஸ் மட்டும். வாசிச்சுப் பாருங்கோ."

அவர் வாசிக்கவில்லை. மாடு இல்லை என்றதும் மறுக்க வேறு காரணம் தேட வேண்டியிருந்தது. அதற்குக் கனநேரம் எடுக்கவில்லை. "ரின் சாமானைப் படைக்கிறதோ? சனம் பாத்தால் என்ன சொல்லும்? கூடப்பிறந்ததுகள் ரண்டு இருந்தும் அவருக்கு ஒரு கறி வைக்க ஏலாமல் போட்டுது எண்டெல்லோ கதைப்பினம்."

"அதுதானே நடந்தது?"

"சத்தம் போடாதை," என்றார். அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் ரின்னைத் திறந்தேன். உருளைக்கிழங்கு அவித்து மசித்தேன். நான் கொண்டுபோன போத்தலிலிருந்து ஒரு கரண்டி வெங்காயத் தாளிதம், கொஞ்சம் தேங்காய்ப்பால், கடைசியில் தேசிக்காய். கிண்ணம் தயாரானதும் படம் வைத்த அறைக்குக் கொண்டுபோனேன். அக்கா வாசலிலேயே மறித்து, கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்த் திரும்பக் குசினி மேசையில் வைத்தார். வந்திருந்தவர்கள் முன்னால் இழுபறிப்பட எனக்கு மனம் வரவில்லை. படையல் முடிந்தது. கதவைச் சாத்தினார்கள்.

நாங்கள் எல்லோரும் வாசல் நடையில் கோட்டுகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நின்றோம். அக்கா சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தபடி பக்கத்தில் நின்ற ஒரு மாமியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணைக்கு நண்டெண்டால் உயிர், மாமி. கொடுக்கைப் பல்லாலை ஒரு கடி, அவ்வளவுதான். ஆருக்கும் மிச்சம் வைக்கமாட்டார்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. சத்தியமாவது மண்ணாவது.

"அண்ணைக்குப் பல்லில்லை," என்றேன்.

அக்கா திரும்பினார். "என்ன கதைக்கிறாய்?"

"மேல்வரிசை முழுக்கப் பிடுங்கியாச்சு. ரண்டு வருசமா அவர் ஒண்டையும் கடிச்சுச் சாப்பிடேல்லை. நீங்கள் என்ரை கையிலையிருந்து வாங்கிக்கொண்டுபோய் மேசையிலை வைச்சியளே, அந்த ரின் சில்லியைத்தான் சாப்பிட்டவர்."

அக்காவின் முகம் வெளிறிப்போனது. "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"ஒருநாள் முன்னாலை இருந்து சாப்பிட்டிருந்தால், ஆரும் சொல்லத் தேவையில்லை."

அக்கா குசினிக்குப் போய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்தார். இன்னும் நேரமாகவில்லை, கதவைத் திறக்கக்கூடாது என்று அத்தான் சொன்னார். அக்கா திறந்துகொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

அக்கா வாழையிலைக்கு முன்னால் சம்மணம் கட்டி இருந்தார். கிண்ணத்தைப் படத்துக்குக் கிட்ட, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தார். பிறகு இலையிலிருந்த நண்டை எடுத்தார். கொடுக்கைத் தன் கடைவாய்ப் பல்லால் உடைத்து, ஓட்டை ஒவ்வொன்றாகப் பெயர்த்து, சதையை மட்டும் விரலால் பிரித்தெடுத்து, ஓட்டுத்துண்டு கிடக்கிறதா என்று தடவிப் பார்த்து, மசித்த கிழங்கின் ஓரத்தில் வைத்தார். அடுத்த காலை எடுத்தார். அழுதுகொண்டே, ஆனால் கை நிற்காமல், சட்டியிலிருந்ததையும் கொண்டுவரச் சொல்லி உடைத்தார்.

"இப்ப அவருக்குச் சாப்பிட ஏலும்தானே?" என்று என்னைக் கேட்டார்.

அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது, அதுவரை வந்ததையெல்லாம்விட அதிகமாக. பல்லில்லாதவருக்கு இவ்வளவு நேர்த்தியாகச் சாப்பாடு கொடுக்க அக்காவுக்குத் தெரிந்திருந்தது. கிங்ஸ்பரியிலிருந்து லூயிஷாமுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம்தான்.